சறுக்குமரமும் இட்லியும்

ஆகஸ்ட் 4, திங்கள்

இது போன வருடத்து வேதியியல் ரெக்கார்டு நோட்டு. கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி எழுதுகிறேன். யாராவது எடுத்துப் புரட்டினால் உப்புப் பகுப்பாய்வைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். எங்கள் பாடியில், எஸ்டேட் குடியிருப்பு வரிசையில், எட்டு வீடுகள், எட்டுக்கும் ஒரே நீளச் சுவர், வீட்டுக்கு ஒரே அறை. அம்மா தூங்கிய பிறகு போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதினால்தான் உண்டு.

இன்று எழுதாமல் தூங்க முடியாது. ஓரப்படம் போடக் கற்றுக்கொண்டேன்!

தமயந்தி மிஸ் எங்களுக்குக் கணக்கு எடுக்கிறார். வானிலை மன்றமும் அவர் ஆரம்பித்ததுதான். அக்காவின் அரசு மடிக்கணினியில் ஓர் இலவச மென்பொருளை ஏற்றித் தந்திருக்கிறார். எண்களைக் கொடுத்துக் கட்டளையைத் தட்டினால் படம் வரைந்துவிடும். அடைப்புக்குறி ஒன்று விட்டுப்போனால் சிவப்பு எழுத்தில் திட்டும். இன்று அதன் உதவிப் பக்கங்களைத் துழாவும்போது கண்ணில் பட்டது: ஒரு துணைப்பொதியை இறக்கிக்கொண்டு இன்னும் ஒரே ஒரு வரி எழுதினால் போதும். நடுவில் வழக்கமான புள்ளிப்படம். மேல் ஓரத்தில் வரிசையாகக் குட்டிக் கட்டைகள், வலது ஓரத்திலும் குட்டிக் கட்டைகள். புள்ளிகளை எல்லாம் மேலே தள்ளி அடுக்கினால் எப்படி இருக்குமோ அது மேல் ஓரம். பக்கவாட்டில் தள்ளி அடுக்கினால் வலது ஓரம்.

"ஏய் சுகா, என்னடி படத்துக்குத் தாடி மீசையெல்லாம் வச்சிருக்க?" என்றாள் மெர்லின். எங்கள் வகுப்பில் முதல் மதிப்பெண் எப்போதும் மெர்லின்தான். அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்த முதல் நாள் இது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பார்த்ததற்கெல்லாம் ஓரம் போடுகிறேன். இன்று எங்கள் வகுப்புப் பெண்கள் முப்பத்து நான்கு பேரின் உயரமும் சடை நீளமும். நடுவில் ஒன்றும் விசேஷமில்லை. மேல் ஓரத்தில் பார்த்தால் சடைக்கு இரண்டு குன்று! இடுப்பு வரை ஒரு கூட்டம், தோள் வரை ஒரு கூட்டம், இடையில் ஆளே இல்லை. வெட்டினால் ஒரேயடியாக வெட்டுகிறோம், பாதி வெட்டுகிறவள் கிடையாது. மத்தியான மணி அடித்தும் யாரும் சாப்பிடப் போகவில்லை. "என் கட்டை எதுடி, என் கட்டை எதுடி" என்று திரையில் விரல் வைத்து வைத்துத் திரையே மங்கிவிட்டது.

ஆகஸ்ட் 6, புதன்

29ஆம் தேதி கோயம்புத்தூரில் பள்ளிகளுக்கான வானிலைக் கண்காட்சி. எங்கள் மன்றத்திலிருந்து மழைப் படம் போகிறது. நானும் மெர்லினும் நின்று விளக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கம்பி வேலிக்குள் ஒரு மழைமானி இருக்கிறது. காலை எட்டரைக்குப் பாட்டிலில் சேர்ந்த தண்ணீரை அளவு கண்ணாடியில் ஊற்றி எத்தனை மில்லிமீட்டர் என்று எழுத வேண்டும். திங்கள், புதன், வெள்ளி நான். செவ்வாய், வியாழன், சனி மெர்லின். போன வருடம் ஜூனில் ஆரம்பித்தது. லீவு நாட்களைக் கழித்தால் இருநூற்றுப் பன்னிரண்டு நாள் மழை சேர்ந்திருக்கிறது. டீ ஃபேக்டரியிலும் தினமும் மழை எழுதுகிறார்கள். மிஸ் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, இரண்டு பட்டியலையும் தானே உட்கார்ந்து தட்டச்சு செய்தார். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி. கிடையாகப் பள்ளிக்கூட மழை, செங்குத்தாக ஃபேக்டரி மழை. இரண்டும் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம்தான். புள்ளிகள் ஒரு சாய்ந்த கோட்டை ஒட்டி நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. அரிசியைத் தரையில் கொட்டிய மாதிரி இருந்தது.

மிஸ் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "மலையில இதுதாம்மா சங்கதி. ஒரு கொண்டை ஊசி வளைவு தாண்டினா வேற மழை" என்றார்.

"ஆமா மிஸ். வேற மழை மிஸ்" என்றேன். இரண்டு தடவை சொல்லியிருக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

போட்டிருக்கவே கூடாது. கை சும்மா இருக்கவில்லை. மழைப் படத்துக்கும் ஓரம் போட்டேன்.

வலது ஓரம் ஃபேக்டரி. தலையைச் சாய்த்துப் பார்த்தால் சறுக்குமரம். மழையே இல்லாத நாட்களுக்கு உயரமான கட்டை, அப்புறம் சரசரவென்று இறங்கி, நீண்டுகொண்டே போய் நூற்று அறுபதில் தனியாக ஒரு குட்டிக் கட்டை.

மேல் ஓரம் நாங்கள். இட்லி. பத்துக்கும் முப்பதுக்கும் நடுவில் நன்றாக உப்பி, இரண்டு பக்கமும் அழகாகச் சரிந்த இட்லி. சுழியத்தில் மட்டும் ஒரு கட்டை தனியாக நிற்கிறது. ஐம்பதுக்கு மேல் ஒன்றுமே இல்லை.

புள்ளிகள் சிதறினால் மலையைக் காட்டித் தப்பிக்கலாம். ஒரு நாள் அங்கே அதிகம், ஒரு நாள் இங்கே அதிகம். ஆனால் இருநூறு நாளையும் சேர்த்து அடுக்கினால் இரண்டு ஓரமும் ஒரே சாயலில் வர வேண்டாமா? ஒரே மலை, ஒரே வானம். சறுக்குமரம் எங்கே, இட்லி எங்கே!

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். பெரிய மழை பெய்த காலைகளில் நான் மழைமானிப் பக்கம் போனதில்லை. அங்கே புல் முழங்கால் உயரம். புல் நுனியில் அட்டைகள் எழுந்து நின்று, ஆளைத் தேடித் தலையை ஆட்டும். சிமெண்ட் நடையின் விளிம்பு வரை போவேன், நிற்பேன், திரும்பிவிடுவேன். 18.2, 24.6, 27.4 என்று எழுதுவேன். முழு எண் எழுதினால் சந்தேகம் வரும் என்று புள்ளி வைத்து எழுதுவேன். புல் காய்ந்த நாட்களில் ஓடிப்போய்ப் பார்த்து 0.0 என்று உண்மையாக எழுதுவேன். இப்படி ஒரு நாற்பது நாள் இருக்கும். ஐம்பது.

எஸ்டேட்டில் பிறந்தவள் அட்டைக்குப் பயப்படுகிறாள் என்று தெரிந்தால் பாடியே சிரிக்கும். அம்மா நாள் முழுக்க அட்டைகளுக்கு நடுவில்தான் கொழுந்து எடுக்கிறாள். சாயங்காலம் வந்து கணுக்காலில் காய்ந்த ரத்தத்தைக் கழுவுவாள். அந்த நேரத்தில் நான் எதையாவது எடுக்க வெளியே போய்விடுவேன். ஏனென்று தெரியவில்லை. அது இப்போது எதற்கு.

மிஸ்ஸுக்குத் தெரிந்தால் அம்மாவைக் கூப்பிடுவார். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆளுக்கு ஒரு நிறம் கொடுத்தால் ஓரமும் இரண்டாகப் பிரிந்து வரும் என்று உதவிப் பக்கத்தில் போட்டிருந்தது. என் குற்றம் எவ்வளவு பெரியது என்று பார்த்துவிடலாம் என மத்தியானம் லேபில் தனியாகப் பிரித்தேன். எனக்குச் சிவப்பு, மெர்லினுக்கு நீலம்.

சிவப்பு சறுக்குமரம் மாதிரி ஆரம்பித்து, நடுவில் வீங்கி, வால் வெட்டுப்பட்டு நிற்கிறது. வெட்கக்கேடுதான். ஆனால் நீலம்! நீலம் முழு இட்லி. சுழியத்தில் ஒரு நாள்கூட இல்லை. பிப்ரவரி மாதம் முழுக்க வெயில் காய்ந்தது, தேயிலைக்கே தண்ணீர் பீய்ச்சினார்கள். மெர்லின் கணக்கில் பிப்ரவரியிலும் ஒன்று விட்ட ஒரு நாள் மழை.

முதல் மதிப்பெண் மெர்லின்! சிரிப்பை அடக்க முடியாமல் மேசைக்கு அடியில் குனிந்துவிட்டேன். லேப் அட்டெண்டர், "பேனா கீழ விழுந்துடுச்சாம்மா?" என்றார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

கைகழுவும் இடத்தில் மெர்லினைப் பிடித்தேன்.

"மெர்லின், நீ மழைமானிய எத்தன தடவ பாத்திருக்க?"

"நெறைய தடவ."

"எத்தன?"

"...தொறப்பு விழா அன்னிக்குப் பாத்தேன்."

அவளுடைய எஸ்டேட்டிலிருந்து ஜீப் ஒன்பதேகாலுக்குத்தான் வந்து சேருகிறதாம். எட்டரைக்கு வர முடியாது என்று மிஸ்ஸிடம் சொல்ல வாய் வரவில்லையாம். "முடியாதுன்னு நான் இதுவரைக்கும் எந்த மிஸ்கிட்டயும் சொன்னதில்லடி" என்றாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

"சரி, ஒரு நாளாவது மழை இல்லன்னு எழுதக் கூடாதாடி?"

"வால்பாறையில மழை பெய்யலன்னு எழுதினா யாரு நம்புவா?"

பையிலிருந்து அவளுடைய மழை நோட்டை எடுத்துக் காட்டினாள். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மொத்தமாக எழுதிவிடுவாளாம். இனிமேல் வரப்போகிற செப்டம்பரைக்கூட எழுதி முடித்துவிட்டாள். செப்டம்பர் 16ஆம் தேதி 21.3 மில்லிமீட்டர் மழை!

"அன்னிக்குக் குடை எடுத்துட்டு வரணுமா மிஸ்?" என்று கும்பிட்டேன். அவள் அழப்போய்ச் சிரித்துவிட்டாள். பிறகு இரண்டு பேரும் குழாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நான் அட்டைக் கதையைச் சொன்னேன். அதற்கு அவள் சிரிக்கவில்லை. "எங்க ஜீப்புக்குள்ளயே வரும்டி" என்று மட்டும் சொன்னாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தமயந்தி மிஸ் என் சடைப் படத்தைப் பார்த்துவிட்டார். "அடடா, இத மொதல்லயே காட்ட மாட்டியா? மழைப் படத்துக்கும் ஓரம் போட்டுக் கொண்டு வா. அங்க நடுவர் ரிட்டயர்டு வானிலை அதிகாரி. அசந்துருவாங்க."

அசந்துதான் போவார்.

மெர்லினின் மூளை பயத்தில் இன்னும் வேகமாக ஓடுகிறது. "ஃபேக்டரி அளவ எடுத்துக்க. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டியோ கொறைச்சோ நம்ம அளவுன்னு போட்டுரு. அதுக்கு ஒரே வரிதானே?"

ஒரே வரிதான். அதுதான் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 13, புதன்

போட்டுவிட்டேன். எவ்வளவு அழகு! புள்ளிகள் எறும்பு வரிசை மாதிரி கோட்டை ஒட்டிப் போகின்றன. மேலே ஒரு சறுக்குமரம், பக்கத்தில் ஒரு சறுக்குமரம்.

எண்களை நாங்களே மறுபடி தட்டச்சு செய்தோம் என்று சொல்லிக் காட்டினோம். மிஸ் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். எங்களைத் திட்டியிருக்கலாம். "பாத்தியா, மலை ஒன்னும் பண்ணல. நான்தான் முன்னாடி தப்புத் தப்பா டைப் பண்ணிருக்கேன். கண்ணாடி மாத்தணும் போல. உங்க ரெண்டு பேரு மேலயும் மனசுக்குள்ள சந்தேகப்பட்டுட்டேன், சாரிம்மா" என்றார்.

மெர்லின் என் கையைக் கிள்ளினாள். நான் அவள் கையைக் கிள்ளினேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றினார்கள். மிட்டாய் இறங்கவில்லை. மிஸ் புதுக் கண்ணாடி போட்டிருந்தார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

சொல்லிவிட்டோம்.

ஸ்டாஃப் ரூம் வாசலில், "நீ சொல்லு", "நீ சொல்லு" என்று தள்ளிக்கொண்டு நின்றோம். கடைசியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்து, அட்டை, ஜீப், செப்டம்பர், ஒரே வரி என்று எல்லாம் கலந்து கொட்டிவிட்டது. மிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"அந்த மழைமானிக்கு நான் ஹெச்.எம்.கிட்ட எத்தன நாள் நின்னேன்னு தெரியுமா?" என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை.

"புதன்கிழமை வீட்ல இருந்து ஆளக் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேரும்."

ஆகஸ்ட் 19, செவ்வாய்

"மிஸ் உன்னப் பாக்கணுமாம்" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன். "பரிசு ஏதும் குடுக்குறாங்களா?" என்று கேட்டாள். விளக்கை அணைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

எல்லாவற்றையும் எழுத வேண்டும். மறந்துவிடக் கூடாது.

அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற பச்சைச் சேலையில் வந்தாள். பரிசு என்று நினைத்துத்தான். மெர்லினின் அப்பா முன்னாலேயே வந்து, தலையை ஆட்டிவிட்டு, அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

மிஸ் திரையில் பழைய படத்தைப் போட்டார், நிஜமான அரிசிப் படத்தை, ஓரங்களோடு. "அம்மா, இது ஃபேக்டரியில எழுதினது. இது உங்க பொண்ணுங்க எழுதினது" என்று ஆரம்பித்து, ஒவ்வொரு கட்டையாகக் காட்டி, அட்டைக் கதை வரை பொறுமையாகச் சொன்னார். அம்மா ஆறாவதோடு நின்றவள். அவளுக்கு என்ன புரியப்போகிறது, திட்டு மட்டும்தான் புரியும் என்று நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். ஃபேக்டரி ஓரத்தில் கடைசியாகத் தனியாக நிற்கிற குட்டிக் கட்டையில் விரலை வைத்தாள்.

"இது ஆடி அமாவாச மழைதானே டீச்சர்?"

மிஸ் தேதியைப் பார்த்தார். ஜூலை 25, வெள்ளிக்கிழமை காலை எழுதியது. அதற்கு முந்தின நாள் பெய்தது. ஆடி அமாவாசை.

"அன்னிக்கு நாங்க பன்னெண்டாம் நம்பர் தேயிலக் காட்டுல நின்னோம். கூடையில தண்ணி நெறஞ்சுச்சு. பக்கத்துல நிக்கிறவ முகம் தெரியல. வேல வாங்குற கண்டக்டரு விசில் அடிச்சது எங்களுக்குக் கேக்கவே இல்ல." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு நீ என்ன எழுதுன?"

மிஸ் சொல்லவில்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"இருபத்தி நாலு புள்ளி ஆறு."

"அங்க எவ்வளவு?"

"நூத்தி அறுபது."

அம்மாவுக்கு மில்லிமீட்டர் தெரியாது. ஆனால் இருபத்து நான்கும் நூற்று அறுபதும் தெரியும். கொழுந்து நிறுக்கிற இடத்தில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது.

வீட்டுக்குப் போகும் வழியில் அடிப்பாள் என்று நினைத்தேன். பஸ் ஸ்டாப் வரை முன்னால் நடந்தாள். பிறகு, "அட்டைக்கா பயம்?" என்று கேட்டாள். தலையாட்டினேன். அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள். பச்சைச் சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பயந்துக்க. நல்லா பயந்துக்க. நீ கொழுந்து எடுக்கவா போற? ஆனா நான் நனைஞ்சத மட்டும் கொறச்சு எழுதாதடி."

ஆகஸ்ட் 21, வியாழன்

மிஸ் நேற்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார். மெர்லின் இனி ஆறே முக்கால் பஸ்ஸில் வருகிறாள், அவள் அப்பா ஏற்பாடு. தினமும் இரண்டு பேரும் சேர்ந்து போய்ப் பார்த்து, சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். கண்காட்சிக்கு அரிசிப் படம்தான் போகிறது. "இருக்கறத இருக்கற மாதிரியே கொண்டு போங்க. எது யாரு எழுதின பொய்னு பேரோட போடுங்க. அங்க நின்னு நீங்களே சொல்லுங்க."

இன்று காலை அட்டை ஏறாமலிருக்க அம்மா என் காலில் முழங்கால் வரை சோப்பைத் தேய்த்து அனுப்பினாள். நான் "அம்மா, அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டே புல்லுக்குள் ஓடினேன். மெர்லின் "இயேசுவே, இயேசுவே" என்று பின்னால் வந்தாள். எனக்கு இரண்டு அட்டை. அவளுக்கு ஐந்து! அளவு கண்ணாடி இரண்டு தடவை நிரம்பி, மூன்றாவது தடவை பாதி வந்தது. நான்கு கைகளாலும் பிடித்து ஊற்றினோம். 61.8. அப்படி ஓர் எண்ணை நான் ஒருநாளும் துணிந்து எழுதியிருக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கோயம்புத்தூரிலிருந்து இப்போதுதான் வந்தோம். கால் வலிக்கிறது, தலை சுற்றுகிறது, தூக்கம் வரவில்லை.

எங்கள் படத்துக்குத் தலைப்பு "பொய் மழை". நேரில் அளந்தது கறுப்பு, நான் கற்பனை செய்தது சிவப்பு, மெர்லின் கற்பனை செய்தது நீலம். மேல் ஓரத்தில் மூன்று நிறத்திலும் கட்டைகள். கீழே எங்கள் இருவர் பெயர்.

நடுவர் அம்மா வெள்ளை முடியும் பெரிய கைப்பையுமாக வந்தார். படத்தை மேலும் கீழும் பார்த்தார். "எது பொய்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நாங்கதான் மேடம் எழுதினோம்" என்றாள் மெர்லின்.

"இட்லி மாதிரி இருந்தா பொய் மேடம்" என்றேன் நான். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அவர் சிரிக்கவில்லை. குனிந்து நீல இட்லியை உற்றுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அந்த நீளமான கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். எங்கு பார்த்தாலும் மழை, வெப்பம், காற்று என்று பட்டியல்கள். "இந்த மிஷினத் தூக்கிட்டு என் கூட வாங்க" என்றார்.

அப்புறம் நடந்தது கனவு மாதிரி. ஒவ்வொரு மேசையாகப் போனோம். மெர்லின் எண்களை வாசிக்க நான் தட்டினேன். முதல் பள்ளி, காற்று வேகம்: சறுக்குமரம், கைதட்டல். இரண்டாவது பள்ளி, மழை: இட்லி. மூன்றாவது: இட்லி. அடுத்த மேசை சார் ஒருவர் திடீரென்று பட்டியலுக்கு மேல் தன் கைக்குட்டையை விரித்தார். "மடிக்கணினி வருது, மடிக்கணினி வருது" என்று கூடத்தின் கோடி வரை சேதி போய்விட்டது. எங்களைப் பார்த்து மேசைகள் காலியாயின! வாழ்க்கையில் முதல் தடவையாக என்னைப் பார்த்து யாரோ பயப்படுகிறார்கள். மெர்லின் நடுவர் அம்மாவுக்குப் பின்னால் ராணி மாதிரி நடந்தாள். தமயந்தி மிஸ் எங்கள் மேசையிலிருந்தே, புதுக் கண்ணாடியைச் சரிசெய்து சரிசெய்து பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டை எவ்வளவு இறுக்கினாலும் சிரிப்பு கசிந்துவிட்டது.

தண்ணீர் குடிக்கப் போனபோது தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு கை என் துப்பட்டாவை இழுத்தது. ஒன்பதாவது படிக்கிறாளாம், பெயர் தர்ஷிகா. சமவெளிப் பள்ளி ஒன்றிலிருந்து வந்திருக்கிறாள். உதடு காய்ந்திருந்தது.

"அக்கா, எங்களோடதுக்கு மட்டும் ஓரம் போடாதீங்கக்கா."

"என்ன எழுதுறீங்க?"

"வெப்பநிலை. தெனமும் பதினோரு மணிக்கு."

"நீ எத்தன நாள் போகல?"

பத்து விரலையும் விரித்தாள். மூடினாள். மறுபடி விரித்தாள். மூடி மூடி விரித்துக்கொண்டே இருந்தாள்.

"ஏன் போகல? அட்டையா?"

அட்டை என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியவில்லை. "வெப்பமானி ஒடஞ்சிரும்னு ஹெச்.எம். ரூமுக்குள்ள மாட்டி வச்சிருக்காங்கக்கா. அவரு எப்பவும் உள்ளயே இருப்பாரு."

நானும் மெர்லினும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சிரிப்பு வந்தது, ஆனால் அந்தப் பிள்ளையின் கண்ணைப் பார்த்து அடக்கிக்கொண்டோம்.

"அவர் இன்னிக்கு வந்திருக்காரா?" என்று கேட்டாள் மெர்லின்.

தர்ஷிகா விரலை நீட்டினாள். வெள்ளைச் சட்டை, பெரிய மீசை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர்கள் மேசைக்கு முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் பட்டியல். 31.4, 32.2, 31.8.

"மடிக்கணினிய இங்கயே வச்சிருவோம்" என்றேன். "அவர்கிட்ட நீயே சொல்லிடு. நாங்க ரெண்டு பேரும் உன் பக்கத்துல நிக்கிறோம்."

"என்னால பேச முடியாதுக்கா."

மெர்லின் ஒரு கையைப் பிடித்தாள், நான் ஒரு கையைப் பிடித்தேன். கிட்டப் போகப் போக அந்த மீசை பெரிதாகிக்கொண்டே வந்தது. அவர் திரும்பி எங்களைக் குனிந்து பார்த்து, "என்னம்மா?" என்றார். தர்ஷிகா மெர்லினைப் பார்த்தாள். மெர்லின் என்னைப் பார்த்தாள்.

"வணக்கம் சார்" என்றேன்.